வியன்னாவில் அரை நாள் ஓய்வு

ஏப்ரல் 6, திங்கள்

மஞ்சள் மண்டி சென்னியப்பன் வாயிலிருந்து ஐரோப்பா என்ற சொல் வந்துவிட்டது. இனி ஈரோட்டில் பனி பெய்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

மண்டிக்காரர்கள் சங்கத்தில் குடும்பத்தோடு சுற்றுலா போகிறார்களாம். பதினோரு ஜோடி. "நாமளும் பேரு குடுத்திருக்கறோம்" என்றார் இவர், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ மொய் எழுதிவிட்டு வந்தவர் மாதிரி. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் என்னைக் கூட்டிப்போன தூரமான ஊர் ராமேஸ்வரம். அதுவும் மாமனாரின் அஸ்தியைக் கரைக்க.

பயணத் திட்டத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாரிஸில் கோபுரம், சுவிட்சர்லாந்தில் பனிமலை, தினமும் மதியம் சாம்பார் சாதம் உறுதி. ஏழாம் நாள் வியன்னா. அதற்கு நேராக 'மதியத்துக்கு மேல் ஓய்வு, விருப்பம்போல் கடைவீதி செல்லலாம்' என்று போட்டிருக்கிறது.

எனக்குப் பனி பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 8, புதன்

பயண ஏஜென்ட் ரகுபதி போன் செய்தான். கம்பளி உடை, மருந்து, பாஸ்போர்ட் என்று அடுக்கினான். வியன்னாவில் தங்கும் ஓட்டலுக்குப் பக்கத்தில் ட்ராம் வண்டி உண்டா என்று கேட்டேன்.

"எதுக்குங்க ஆன்ட்டி ட்ராமு? நம்ம ஏசி பஸ்ஸே கூட வருதுங்க."

"சும்மா கேட்டேன் தம்பி."

"பத்தாவது வார்டு பக்கம்தான் ஓட்டலுங்க. வாசல்லயே ட்ராம் நிக்கும்."

வைத்துவிட்டேன். இன்று எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். கொஞ்சம் உப்பு தூக்கல்.

ஏப்ரல் 11, சனி

ரகுபதி படிவங்களோடு வீட்டுக்கு வந்தான். கூடத்தில் இவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பிக்கொண்டிருந்தான். நான் சமையலறையில் இருந்தேன்.

"குழந்தைங்க எத்தனைங்க ஐயா?"

"ஒண்ணு. பொண்ணு. திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்குது."

காபி கொண்டுபோய் வைத்தேன். ரகுபதி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆன்ட்டி, சர்க்கரை" என்றான். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

எழுதாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கையெழுத்தும் அந்தத் தாளில் இருக்கிறது. நான் பெற்றது இரண்டு. மூத்தவன் நவநீதன். வியன்னாவில் மருத்துவமனைக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் பெருந்துறைக்காரர் வீட்டில் அவனுக்குப் பெண் பார்த்து, மண்டபம் பிடித்து, நிச்சயதார்த்தத்துக்கு ஊரையே அழைத்திருந்தோம். இரண்டு நாள் முன்னால் போன் செய்து, வரமாட்டேன், இங்கே கூட வேலை செய்யும் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றான். இவர் கருங்கல்பாளையம் போய் காவிரியில் மூன்று முங்கு போட்டுவிட்டு, ஈர வேட்டியோடு தெருவில் நடந்து வந்தார். "தலைமுழுகிட்டேன். இனி அவன் நமக்குக் கெடையாது" என்றார். என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்து, அவனோடு பேசமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். தலையிலிருந்து தண்ணீர் என் கைவழியாக முழங்கை வரை ஓடியது.

நான் சத்தியத்தை மீறவில்லை. மகள் நித்யகலா திருப்பூரிலிருந்து வரும்போது தன் போனில் படங்கள் காட்டுவாள். பார்ப்பது பேசுவது ஆகாது. அவனுக்கு ஒரு பெண் குழந்தை. மீனா. நாலு வயது ஆகப்போகிறது.

ரகுபதி போகும்போது குடும்ப அட்டை நகல் கேட்டான். இந்த ஊரில் நமக்கு வேர் இருக்கிறது என்று காட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் அங்கேயே தங்கிவிடுவோம் என்று நினைப்பார்களாம். பீரோவில் இருந்த நகலை எடுத்துக் கொடுத்தேன். அவசரத்தில் கொடுத்தேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். வேப்பம்பூ ரசம், பாயசம். மகளும் மாப்பிள்ளையும் வந்து போனார்கள்.

சமையலறையில் நித்யகலா காதோரம் வந்து, "அம்மா, அண்ணங்கிட்டச் சொல்லட்டுமா, நீங்க வர்றீங்கன்னு?" என்றாள்.

"எதுக்கு? நாங்க ஊரு பாக்கப் போறோம்."

"சரிம்மா. ஊரு பாருங்க" என்று சிரித்தாள். சின்ன வயதிலிருந்தே இவளுக்கு வாய் அதிகம். என்னைக் கொண்டு பிறந்தவள்.

ஏப்ரல் 17, வெள்ளி

மற்ற பத்து ஜோடியும் இன்று சென்னை விசா மையத்தில் கைரேகை கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். நாங்கள் போகவில்லை. காரணம், எங்களுக்குக் கொடுத்த நேரம் பதினொரு மணி. வெள்ளிக்கிழமை பதினொரு மணி ராகு காலம்.

"ராகு காலத்துல போயி கைநாட்டு வெச்சா வெளங்குமா?" என்று இவர் ரகுபதியைப் போனில் பிடிபிடியென்று பிடித்தார். அவன் எவ்வளவோ கெஞ்சினான். இப்போது விட்டால் நேரம் கிடைப்பது கஷ்டம், மே பத்தாம் தேதி விமானம் என்றான். "அதெல்லாம் கெடைக்கும்" என்றார். கிடைத்தது, பத்து நாள் கழித்து.

 ராகுவுக்கு இருக்கும் மரியாதையில் பாதி எனக்கு இந்த வீட்டில் கிடையாது.

ஏப்ரல் 27, திங்கள்

சென்னை. நல்ல நேரம் பார்த்து உள்ளே போனோம். இவர் விரலில் நகக்கண் வரை மஞ்சள் ஏறிப்போயிருக்கிறது. கருவி ரேகையைப் பிடிக்கவேயில்லை. அங்கிருந்த பெண் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்து, "என்ன சார், சமையலா?" என்று கேட்டுவிட்டது. ஈரோடு மஞ்சள் சந்தையில் விலை நிர்ணயிக்கும் மனிதர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

என் ரேகை முதல் முறையே விழுந்தது.

திரும்பும்போது ரயிலில் இரண்டு இட்லிப் பொட்டலம். ஒன்று கெட்டுப்போயிருந்தது.

மே 1, வெள்ளி

மற்றவர்களுக்கெல்லாம் விசா வந்துவிட்டது. சங்கத் தலைவர் மனைவி மரகதம் அக்கா பாஸ்போர்ட்டைப் பிரித்து, தாலிக்கொடி காட்டுவதைப் போலக் காட்டிவிட்டுப் போனார். "உங்களுது இன்னும் வரலையா சுலோச்சனா?" என்று நாலு முறை கேட்டார்.

வரும்.

மே 3, ஞாயிறு

தையற்காரம்மாவிடம் பட்டுப் பாவாடை சட்டை கொடுத்தேன். அரக்கு, பச்சைக் கரை. "யாருக்குங்க? அளவு?" என்றார். நாலு வயதுக் குழந்தை என்றேன். "நாலு வயசுல ஒண்ணு இந்த உசரம் இருக்கும், ஒண்ணு அந்த உசரம் இருக்குமுங்க. புள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்றார். எதிர்வீட்டுப் பிள்ளையைக் காட்டி, இதைவிட ஒரு விரற்கடை கூட வைத்துத் தையுங்கள் என்றேன். மடிப்புத் துணி தாராளமாக விட்டுத் தைத்தால் எப்படியும் பிரித்துக்கொள்ளலாம்.

இவரிடம் நித்யகலாவின் நாத்தனார் குழந்தைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

பனி பார்க்கத்தான் ஆசை என்று எழுதியிருந்ததை இன்று புரட்டிப் பார்த்தேன். யாரை ஏமாற்ற எழுதினேன்? என் பிள்ளையைப் பார்க்க வேண்டும். தூரத்தில் நின்றாவது. அவன் முன்நெற்றியில் முடி கொட்டிவிட்டது என்கிறாள் நித்யகலா. அந்த நெற்றியை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தால் போதும்.

மே 5, செவ்வாய்

ரகுபதி போன். குரலே சரியில்லை. சென்னைத் துணைத் தூதரகத்தில் எங்கள் இருவரையும் நேரில் விசாரிக்க வேண்டும் என்கிறார்களாம். வியாழக்கிழமை காலை.

"படிவத்துல ஒரே பொண்ணுன்னு போட்டிருக்கறோம். ரேஷன் கார்டு நகல்ல நவநீதன்னு மகன் பேரு இருக்குதுங்களாம். வயசு முப்பத்தி மூணு. அது யாருன்னு கேக்கறாங்க. நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே ஐயா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேரை எடுக்கச் சொல்லி எத்தனை வருசமாச்சு? எடுத்துட்டேன்னியே?"

நித்யகலா பெயரைக் கல்யாணமான அடுத்த மாதமே நீக்கிவிட்டேன், அவளுக்குத் திருப்பூர் அட்டையில் சேர்க்க வேண்டியிருந்தது. நவநீதன் பெயரை நீக்கத் தாலுகா ஆபீசுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை கூட்டம். இரண்டாம் முறை கூட்டமே இல்லை. ஜன்னலில் இருந்த பெண், "என்ன காரணமுங்க, இறப்பா?" என்று கேட்டது. நான் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

இதை இவரிடம் சொன்னேன். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார்.

மே 6, புதன்

ரயிலில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது.

சேலம் தாண்டியதும் இவர் குரலைத் தாழ்த்தி, "நாளைக்குத் தனித்தனியாக் கேப்பாங்களாம். ஒண்ணுன்னே சொல்லு. கார்டுல அந்தப் பேரு தப்பா ஏறிப்போச்சுன்னு சொல்லு. ரெண்டு பேரும் வேற வேற சொன்னா ரெண்டு பேருதும் போச்சு" என்றார்.

"அப்புடி யாருமே இல்லைன்னா?"

"ஆமா."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் யோசித்துப் பார்த்தேன். இவர் ஒன்று என்றுதான் சொல்வார். சொன்ன சொல்லிலிருந்து இறங்கி நான் பார்த்ததில்லை. நான் இரண்டு என்று சொன்னால் விசா போகும். விசா போனால் வியன்னா போகும். இனி ஒரு தடவை இவர் ஐரோப்பா என்று சொல்லப்போவதும் இல்லை. அவனைப் பார்க்க வேண்டுமென்றால், அவன் இல்லை என்று சொல்லித்தான் தீர வேண்டும்.

மே 7, வியாழன்

என்னை முதலில் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒரு இளம்பெண். மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்கம்மா?"

"ஒண்ணுங்க."

"இந்த கார்டுல நவநீதன்னு இருக்கே, அது யாரு?"

"அது கம்ப்யூட்டர்ல தப்பா ஏறிப்போச்சுங்க."

அந்தப் பெண் இங்கிலீஷில் சொன்னாள். வெள்ளைக்கார அம்மா என் முகத்தையே பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"அப்ப இந்தப் பேருல உங்க குடும்பத்துல யாருமே இல்லையாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லீங்க" என்றேன்.

 ஆடிப்பெருக்கன்று பிறந்தவன். வெளியே ஆறு நிறையத் தண்ணீர், பிரசவ அறைவரை ஜனங்களின் சத்தம் கேட்டது. அவனைத்தான் இல்லீங்க என்றேன். மரியாதையாக, ங்க போட்டு.

வெளியே வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டேன். இவர் உள்ளே போனார். எனக்கு ஆனதைவிட ரொம்ப நேரம் ஆனது. திரும்பி வரும்போது கையில் பேனா இருந்தது. யாருடையதோ, மறந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், திரும்பப் போய்க் கொடுத்தார்.

"எல்லாங் கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்க."

அதற்குமேல் இவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனில் எனக்கு மல்லிகைப் பூ வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று தெரியவில்லை.

மே 8, வெள்ளி

ஒன்றும் ஓடவில்லை. பெட்டியை மூன்று முறை பிரித்து அடுக்கிவிட்டேன். பருப்புப் பொடி, ஊறுகாய், நிலக்கடலை உருண்டை, நடுவில் பாவாடை சட்டை. ரகுபதி சென்னையிலேயே காத்திருக்கிறான். முடிவு எதுவானாலும் மாலைக்குள் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும், இரவு ரயிலைப் பிடித்து வருவான்.

பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டதாக ஆறு மணிக்கு ஒரு செய்தி. உறைக்குள் இருக்கிறது, பிரிக்கவில்லை என்று சொல்கிறான். பிரிக்காமல் இருப்பானா?

மே 9, சனி

காலையிலேயே வந்துவிட்டான். செருப்பைக் கழற்றும்போதே முகத்தைப் பார்த்து எனக்குப் புரிந்துவிட்டது.

இவருடைய பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தது. என்னுடையதில் இல்லை. அதோடு ஒரு தாள். நான் கொடுத்த தகவல் நம்பத்தகுந்ததாக இல்லையாம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவரும் ஒரே பொய்யைத்தானே சொன்னோம், இவருக்கு மட்டும் எப்படி? விசா மையத்தில் விசாரித்துவிட்டு வந்த ரகுபதிதான் மெல்ல, "ஐயா அங்க போயி உண்மையைச் சொல்லிட்டாருங்க ஆன்ட்டி. எனக்கு ரெண்டு குழந்தைங்க, பையன் வியன்னால இருக்கறான், கோவத்துல படிவத்துல எழுதாம விட்டுட்டேன்னு அங்கயே ஒரு தாளுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறாருங்க" என்றான். காபி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். நல்ல பையன்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

"ஒண்ணுன்னு சொல்லச் சொன்னது நீங்கதானுங்களே?"

"நாஞ்சொன்னா? நீ பெத்தவ. என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போயிருந்தாலும் அங்க நிக்க வெச்சுக் கேட்டா நீ ரெண்டுன்னுதான் சொல்லுவேன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் வேற வேற சொல்லிறக் கூடாதுன்னுதான் நானும் ரெண்டுன்னேன்."

அது ஒன்றுதான் காரணம் என்றால் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பேனா கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை நான் இவரிடம் கேட்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஓவென்று அழுதேன். இத்தனை வருடம் மனசுக்குள் இவரைத் திட்டாத நாளில்லை. கேட்டபோது இவர் உண்டு என்றார். பெற்றவளான நான்தான் அவன் இல்லை என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாசற்படியில் வந்து நின்றார்.

"நானும் போவுல. பணம் போனாப் போவுது."

"போறீங்க" என்றேன்.

"நீ இல்லாம நான் அங்க போயி என்ன பண்றது, சுலோச்சனா?"

"ஏழாம் நாளு மத்தியானம் ஓய்வு. அவன் வீட்டுக்குப் போங்க. நித்யா வெலாசம் எழுதித் தருவா."

"போயி நான் என்ன பேசுவேன்?"

"ஒண்ணும் பேச வேண்டாமுங்க. பாத்துட்டு வாங்க. எளைச்சிருக்கறானா, அந்தப் புள்ள அவனை நல்லா வெச்சிருக்குதா, கொழந்தை யாரு சாயல்ல இருக்குது, எல்லாம் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. உங்களைத் தவிர இப்ப எனக்கு வேற யாரு இருக்கறாங்க போறதுக்கு?"

இவர் போனை எடுத்து நித்யாவைக் கூப்பிட்டு விலாசம் கேட்டார்.

பெட்டியிலிருந்து என் சேலைகளை எடுத்துவிட்டு, இவருக்கு இன்னும் இரண்டு சட்டை வைத்தேன். மாலை ஆறு மணிக்கு வண்டி வந்தது. எல்லா ஜோடிகளுக்கும் நடுவில் இவர் மட்டும் ஒற்றையாக ஏறினார். மரகதம் அக்கா என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார். "ஊறுகாய் கேட்டாருன்னா குடுங்கக்கா, எச்சாக் குடுக்காதீங்க, ரத்தக்கொதிப்பு" என்று அவரை அனுப்பிவைத்தேன்.

மே 10, ஞாயிறு

வீட்டில் நான் மட்டும். ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியவில்லை. மீந்துவிட்டது.

மே 13, புதன்

பனிமலையிலிருந்து போன். "ஒண்ணுமில்ல, வெள்ளையா இருக்குது, காது வலிக்குது" என்றார். வேறு யாராவது இவ்வளவு செலவு செய்து போய் இப்படிச் சொல்வார்களா? தலையில் துண்டைக் கட்டச் சொன்னேன். கட்டித்தான் இருக்கிறாராம், எல்லோரும் பார்க்கிறார்களாம்.



மே 15, வெள்ளி

அவனுக்குச் சொல்லிவிட்டதாக நித்யகலா சொன்னாள். என்ன சொன்னான் என்று கேட்டேன். "மொதல்ல அம்மாவும் வர்றாங்களான்னு கேட்டான்" என்றாள்.

"நீ என்ன சொன்னே?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு விட்டுட்டேன்மா. என்னால முடியல."

இன்று நாள் முழுக்கத் தோட்டத்தில் வேலை. முருங்கையில் கம்பளிப்பூச்சி.

மே 16, சனி

ஏழாம் நாள்.

அங்கே மதியம் என்றால் நமக்கு மாலை. மூன்று மணியிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பால்காரன், கேபிள்காரன், நித்யகலா நாலு தடவை. அவளிடம், இனி கூப்பிட்டால் அடிப்பேன் என்று சொன்னேன். ஆறு ஆயிற்று. ஏழு ஆயிற்று. வாசல்வரை போயிருப்பார், திரும்பிவிட்டிருப்பார். அல்லது கதவைத் தட்டியிருப்பார், அவன் திறந்திருக்க மாட்டான். அவனும் இவர் பிள்ளைதானே.

ஏழரைக்கு வந்தது.

"எங்கிருக்கறீங்க?" என்றேன்.

"நம்ம பையன் வீட்டுல."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். இவர் நிறுத்தாமல் பேச ஆரம்பித்தார். என்னோடு சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதே கிடையாது. நாலாவது மாடி, லிப்ட் இல்லை என்று தொடங்கினார். கீழே தெருவிலேயே வந்து நின்றுகொண்டிருந்தான். பெட்டியை இவன்தான் தூக்கினான். இளைக்கவில்லை, தொப்பைகூடப் போட்டிருக்கிறது. மருமகள் நல்ல உயரம், ரசம் வைத்திருக்கிறாள், ரசம் மாதிரி இல்லை, ஆனாலும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன் என்றார். குழந்தை இப்போது என் மடியில்தான் இருக்கிறாள். பாவாடை கணுக்காலுக்கு மேல் நிற்கிறது, நீ நினைத்ததைவிட வளர்த்தி. சாயல் உன்னுடையதேதான், மூக்கு அப்படியே. பேசுவது ஒரு எழுத்தும் விளங்கவில்லை, ஆனால் என் கையைப் பிடித்து நகத்தில் இருக்கும் மஞ்சளைச் சுரண்டிப் பார்க்கிறாள்.

நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றையும் இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லக் கூடாதா என்றிருந்தது.

பிறகு, "இந்தா, பேசு" என்றார்.

"சத்தியம் பண்ணியிருக்கறேனுங்களே."

"எந்தலையில வெச்சுத்தானே பண்ணினே? நாஞ்சொல்றேன், பேசு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா" என்றான்.

குரல் தடித்திருக்கிறது. ஆனால் கூப்பிடும் விதம் அதேதான், பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி. "சொல்லு சாமி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனும் அழுகிறான் என்று தெரிந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க ஏம்மா வரல? அப்பா தனியா வந்து நிக்கறாரு. அவரு வந்த வண்டிக்குள்ள நான் உங்களைத் தேடிட்டே இருந்தேன். ஏன் வரல?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். நேற்றிலிருந்து பதிலைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். எனக்குப் பையனே இல்லை என்று சொன்னேன், அதனால் விடவில்லை. இதைப் பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

"அது... முட்டி வலி கண்ணு" என்றேன்.

"முட்டி வலியா? நித்யா சொல்லவே இல்லையே? பேரு குடுத்து, பெட்டியெல்லாங் கட்டினீங்கன்னாளே?"

 அந்தப் பக்கம் இவர் குரல் கேட்டது. போனைப் பிடுங்கவில்லை, பக்கத்திலிருந்தே சத்தமாகச் சொன்னார்.

"அவளை ஏண்டா கேக்கறே? அவ வர்றேன்னுதான் நின்னா. நாந்தான் கூட்டிட்டு வரல. நீ வரவே வேண்டாம்னு நாந்தான் சொல்லிப்போட்டேன்."



"நீங்க மாறவே மாட்டீங்களாப்பா?" என்றான். அவ்வளவு நேரம் இல்லாத கோபம் குரலில் வந்துவிட்டது.

"மாட்டேன்" என்றார் இவர்.

அப்படியில்லை கண்ணு, உங்கப்பாதான் உன்னை உண்டு என்று சொன்னார், நான்தான் சொல்லவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. "அம்மா, அழாதீங்க, அவரு அப்படித்தான்" என்று அவன் எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. போனில் குழந்தை ஏதோ கேட்டாள், இவர் "ஆமாஞ்சாமி, ஆமாஞ்சாமி" என்று அவளுக்குத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.